அக்னி மூலையோடு ஓடிய வேன்

ஜெயக்கொடியின் இட்லிக் கடை எட்டு வருஷத்தில் மூன்று முறை இடிக்கப்பட்டது. முதல் தடவை சாக்கடை வரப்போகிறது என்றார்கள். சாக்கடை வரவில்லை, கடை மட்டும் போனது. இரண்டாவது தடவை யாரோ பெரிய மனிதர் அந்த வழியாகக் காரில் போகப்போகிறார், அவர் கண்ணில் கீற்றுக் கூரை படக்கூடாது என்றார்கள். அவர் வேறு வழியாகப் போனார். மூன்றாவது தடவை, எழுபத்தொன்பது தை மாதம், ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று கடப்பாரையோடு வந்தார்கள். இந்த முறை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். ஜெயக்கொடியின் கடை இருந்த பதினோரு அடி நீளத்துக்கு மட்டும் ரோடு அகலமாகி, இரை விழுங்கிய பாம்பு மாதிரி இன்றைக்கும் வில்லாபுரத்தில் படுத்திருக்கிறது.

நான்காவது முறையும் கடை போட அவளிடம் கீற்றும் இல்லை, கம்பும் இல்லை. கழுத்தில் ஒரு சங்கிலி இருந்தது. புருஷன் அழகுமலைக்கு மில்லில் ராத்திரி ஷிப்ட். பகலில் தூங்குவதை அவர் இரண்டாவது உத்தியோகமாகவே பார்த்துவந்ததால் அவரிடம் யோசனை கேட்கவில்லை. சங்கிலியை விற்றுவிட்டு நேராக மலையாண்டியின் பட்டறைக்குப் போனாள். மலையாண்டி அவனியாபுரம் ரோட்டில் லாரிகளுக்கு பாடி கட்டுகிறவன்.

"தம்பி, எனக்கு ஒரு கடை கட்டணும்."

"கொத்தனாரப் பாருங்கக்கா. நான் லாரிக்குல்ல கட்டுறேன்."

"அதான் ஒங்கிட்ட வாரேன். இடிக்க வந்தா ஓடுற மாதிரி கட்டணும்."

மலையாண்டி வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவளைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"லாரின்னா மூட்டை ஏறும், மூட்டை இறங்கும். அதுக்குப் பசிக்காதுக்கா. மனுசன் சாப்பிடுற எடம் நான் கட்டுனதில்ல."

"எங் கடைக்கு வர்றவனெல்லாம் மூட்டை தூக்குறவன்தான். கணக்கு ஒண்ணுதான், கட்டு."

ஏலத்தில் ஒரு பழைய வேன் கிடைத்தது. அது மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் இருந்தது. மூன்று வருஷங்களுக்கு முன் எமர்ஜென்சி சமயத்தில், ஒலிபெருக்கியைத் தலையில் கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய்க் குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி எடுத்துச்சொன்ன வேன் அது. அதன் ஹாரன் கேட்டதும் ஆண்கள் கண்மாய்க்குள் இறங்கினார்கள், முடிந்தவர்கள் பனை மரம் ஏறினார்கள். மக்கள் தொகை குறைந்ததோ இல்லையோ, வேன் நிற்கும் இடத்தில் மக்கள் தொகை உடனே குறைந்தது. ஏலத்தில் வேறு யாரும் கேட்காததால் ஜெயக்கொடி தன்னோடு தானே போட்டி போட்டு ஜெயித்தாள்.

மலையாண்டி அதன் மேல் மூன்று கோட் பச்சைப் பெயிண்ட் அடித்தான். மறுநாள் காலையில் சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்ற எழுத்தும் பச்சைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தன.

"கவர்மெண்டு பெயிண்டுக்கா," என்றான். "அவங்க போட்ட ரோடு நிக்கல, போட்ட பைப்பு நிக்கல. இது ஒண்ணுதான் நிக்குது. இதையும் அழிக்கணுமா?"

வேலை நடந்தது. வெள்ளைக்காரன் தேசத்தில் இப்படி வண்டி உண்டு என்று மலையாண்டி ஒரு காலண்டரில் பார்த்திருந்தான். அங்கே ஜனங்கள் ஜன்னலில் வாங்கி நின்றுகொண்டே தின்கிறார்கள். வில்லாபுரத்தில் நின்றுகொண்டு இட்லி தின்னச் சொன்னால் காசைத் திருப்பிக் கேட்பதோடு இட்லியையும் திருப்பிக் கொடுப்பார்கள். அதனால் லாரியின் பின்கதவைப் போல் இரண்டு பலகைகளைக் கீல் போட்டுப் பக்கவாட்டில் தொங்கவிட்டான். இறக்கினால் பெஞ்சு, ஏற்றினால் சுவர். கை கழுவ கூரை மேல் ஒரு தண்ணீர் டிரம் வைத்தான். சாப்பிடும் முன் ஒரு தடவை, சாப்பிட்ட பின் ஒரு தடவை, சாம்பார் சரியில்லை என்று சொல்வதற்கு நடுவில் ஒரு தடவை கை கழுவுகிற ஊர் இது. டிரம்மைப் பெரிதாகவே வைத்தான். பங்குனி வெயிலுக்குத் தகரக் கூரைக்கு அடியில் இன்னொரு தகரம், நடுவில் காற்று. வாழை இலைக் கட்டு வாடாமல் இருக்க ஈரச் சாக்குப் பெட்டி. எல்லாம் சுலபமாக முடிந்தது. அடுப்பில்தான் வந்து நின்றது.

"அடுப்பு அக்னி மூலையில இருக்கணும்," என்றாள் ஜெயக்கொடி. "தென்கிழக்கு. நான் கெழக்க பாத்து நின்னு ஊத்துவேன்."

மலையாண்டி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வலது மூலையைக் காட்டினான். "இந்தா, இதான் தென்கிழக்கு."

"இப்ப சரி. வண்டி திரும்பிருச்சுன்னா?"

மலையாண்டி யோசித்தான். வண்டி மேற்கே திரும்பினால் அந்த மூலை வடமேற்காகிவிடும். வாயு மூலை. அங்கே அடுப்பு வைத்த எந்தக் குடும்பமும் உருப்பட்டதாக அவனும் கேள்விப்பட்டதில்லை. "ஏங்க்கா, வண்டிக்கெல்லாம் மூலை பாக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவனே டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

"மொத மூணு கடையிலயும் அடுப்பு வாயு மூலையிலதான் இருந்துச்சு," என்றாள் அவள் வெளியே நின்றபடி. "நீயே பாத்துக்க."

மூன்றாம் நாள் ஒரு லாரிச் சக்கரத்தின் நடுப்பாகத்தைப் பேரிங்கோடு கழற்றி வேனின் தரையில் நட்டான். அதன் மேல் நாலடி அகலத்தில் வட்டமாக ஒரு இரும்புத் தட்டு. தட்டின் ஓரத்தில் மண்ணெண்ணெய் பம்ப் அடுப்பு. வண்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் தட்டைச் சுற்றினால் அடுப்பு தென்கிழக்குக்கு வந்துவிடும். வந்ததும் ஒரு இரும்பு முள்ளைச் சொருகிவிட்டால் அசையாது. விஞ்ஞானம் இந்த ஊரில் இப்படித்தான் முன்னேறிக்கொண்டிருந்தது.

இனி வேண்டியது காகிதம். காகிதம் இல்லாவிட்டால் வேனை இடிக்கமாட்டார்கள், இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இடித்த கடையிலாவது அண்டாவும் சட்டியும் மிஞ்சும். இதில் போனால் ஜெயக்கொடிக்கு எதுவும் மிஞ்சாது. விற்க இன்னொரு சங்கிலியும் கிடையாது.

சுகாதார அலுவலகத்தில், ஓட்டல் நடத்தக் கதவு இலக்கம் வேண்டும் என்றார்கள். கதவு இருக்கிறது, இலக்கமும் முன்னாலும் பின்னாலும் எழுதியிருக்கிறது என்றாள். அது வண்டி நம்பர், செல்லாது என்றார்கள். வண்டி அலுவலகத்தில், ரோட்டில் ஓடத் தகுதியானது என்ற எஃப்.சி. வேண்டுமானால் வண்டியைக் கொண்டுவந்து காட்டு என்றார்கள். கொண்டுவரப் போனாள். எஃப்.சி. இல்லாத வண்டி ரோட்டுக்கு வரக்கூடாது என்று வழியில் ஒரு போலீஸ்காரர் திருப்பி அனுப்பினார். இப்படி ஒரு மாதம் போனது. பழைய வாடிக்கைக்காரர்கள் மில் வாசலில் வேறு ஒரு கொட்டகையில் சாப்பிட்டுவிட்டு, அவளைக் கண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

கடைசியில் வண்டி இன்ஸ்பெக்டர் பஞ்சாபகேசன் மனமிரங்கி, வெள்ளிக்கிழமை தானே பட்டறைக்கு வருவதாகச் சொன்னார். சுகாதார இன்ஸ்பெக்டர் சீதாராமன் முன்னறிவிப்பில்லாமல் திடீர் சோதனைக்கு வருவதாக மூன்று நாள் முன்பே கார்டு போட்டிருந்தார். அதுவும் அதே வெள்ளிக்கிழமை.

ஜெயக்கொடியும் அதே வெள்ளிக்கிழமைதான் பால் காய்ச்ச நாள் குறித்திருந்தாள். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் புது அடுப்பில் பால் பொங்கியாக வேண்டும். ஒன்பதரைக்கு ஏற்ற நினைத்த பாலை, பம்ப் அடுப்பு தன் குணத்தைக் காட்டியதால், பத்து மணிக்குத்தான் ஏற்ற முடிந்தது. மஞ்சள் கட்டிய பித்தளைப் பானை அடுப்பில் உட்கார்ந்த அதே நிமிஷத்தில் இரண்டு அதிகாரிகளும் இரண்டு சைக்கிள் ரிக்‌ஷாக்களில் வந்து இறங்கினார்கள்.

பஞ்சாபகேசன் வேனை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். "பிரேக் பாக்கணும். அடுப்பை அணைச்சுட்டு சாவியைக் குடும்மா."

"பால் பொங்காம அடுப்ப அணைக்க மாட்டேன் சார்."

"ஓடற வண்டியில நெருப்பு இருக்கப்படாதும்மா."

"அப்ப நீங்களே ஒங்க கையால அணைங்க சார்."

பஞ்சாபகேசன் பானையைப் பார்த்தார். மஞ்சளையும் குங்குமத்தையும் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "கிரகப்பிரவேசப் பாலைப் பாதியில இறக்கின பாவம் நேக்கு எதுக்கு? பொங்கட்டும், காத்திருக்கேன்." பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. "மணி பத்தேகால் ஆறதே. பத்தரைக்கு மேல ராகு காலத்துல நான் கையெழுத்துப் போடறதில்லை. அடுத்த டூட்டி ஒரு மாசம் கழிச்சுதான்."

சட்டம் அடுப்பை அணைக்கச் சொன்னது. சாஸ்திரம் அணைக்காதே என்றது. கடிகாரம் இரண்டையும் சட்டை செய்யாமல் ஓடிக்கொண்டிருந்தது. இதற்குள் சீதாராமன் வேனுக்குள் தலையை நீட்டி வேறொரு குறை தேடினார்.

"அடுப்பு அக்னி மூலையிலன்னா இருக்கு?"

"ஆமா சார்," என்றான் மலையாண்டி. "எப்பவும் இருக்கும்."

"வண்டி திரும்பித்துன்னா?"

மலையாண்டி முள்ளைப் பிடுங்கித் தட்டைச் சுற்றிக் காட்டினான். ஒரு மாதமாக எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு அலுவலகங்களும் அப்போது முதல் தடவையாக ஒன்றுபட்டு, "பேஷ்" என்றன.

"அப்படின்னா பொங்கறப்பவே ஓட்டிப் பாத்துடலாம்," என்றார் பஞ்சாபகேசன். "இது ரோடு இல்லை, கண்மாய்தானே. ரூல் ரோட்டுக்குத்தான்."

பட்டறைக்குப் பின்னால் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் வேன் இறங்கியது. பஞ்சாபகேசன் ஓட்டினார். பின்னால் ஜெயக்கொடி பானையைத் துணியோடு பிடித்துக்கொண்டு நின்றாள். சீதாராமன் மாவுச் சட்டியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தார். மலையாண்டி ஜன்னல் வழியாகத் தூரத்துக் கோவில் கோபுரத்தைப் பார்த்தபடி தட்டைச் சுற்றினான். கோபுரம் நிற்பது வடக்கு. அது இடது பக்கம் தெரிந்தால் வண்டி கிழக்கே போகிறது, வலது பக்கம் தெரிந்தால் மேற்கே.

"தம்பி, இப்ப வாயு மூலையாச்சுடா," என்றார் சீதாராமன் பதறி.

"சுத்துறேன் சார், கருவ முள்ளு மறைக்குது, கோபுரம் தெரியல."

"அதோ தெரியறது, அதோ. சுத்து, சுத்து."

வண்டி கிழக்கே திரும்பியது. அடுப்பு தட்டோடு சுழன்றுபோய் டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் நின்றது. பஞ்சாபகேசன் முதுகில் திடீரென்று சூடு பட்டதும் என்னவென்று தெரியாமல் பிரேக்கைக் காலால் அமுக்கினார். பிரேக் பிடித்தது. மலையாண்டியின் வேலை அப்படி. வேன் நின்ற வேகத்தில், விளிம்பு வரை வந்து யோசித்துக்கொண்டிருந்த பால் யோசனையை விட்டுவிட்டு முன்பக்கமாகச் சீறிப் பொங்கியது.

"கெழக்க பொங்கிருச்சு," என்றாள் ஜெயக்கொடி. கண்மாய் அதிரக் குலவையிட்டாள். வேன் வருவதை முன்பே பார்த்துவிட்டுக் கருவேல மறைவில் ஒளிந்திருந்த ஆடு மேய்க்கிறவர்கள் இரண்டு பேர், சிவப்பு முக்கோணத்துக்குள்ளிருந்து குலவையும் வந்ததைக் கேட்டு, ஆடுகளை விட்டுவிட்டு அவனியாபுரம் பக்கம் ஓடினார்கள்.

பஞ்சாபகேசன் இறங்கிக் காலரில் இருந்த பாலைத் துடைத்தார். "பிரேக் நன்னா இருக்கு."

"அப்ப எஃப்.சி. எழுதுங்க சார், மணி பத்து இருபத்தஞ்சு," என்றான் மலையாண்டி.

அவர் பேனாவைத் திறந்தார். யோசித்தார். "அது எப்படி எழுதறது? பால் காய்ச்சியாச்சு. பால் பொங்கின இடம் வீடு, இல்லேன்னா கடை. கட்டடத்துக்கு நான் எஃப்.சி. குடுத்தேன்னா என்னை சஸ்பெண்ட் பண்ணிடுவா."

"அப்ப நீங்க லைசென்ஸ் குடுங்க சார்," என்று ஜெயக்கொடி சீதாராமனிடம் திரும்பினாள்.

சீதாராமன் வேட்டியில் ஒட்டிய மாவைத் தட்டிக்கொண்டிருந்தார். "ஏம்மா, நான் உள்ள உக்காந்துண்டிருக்கறச்சே ஓடித்தே. ஓடறதைக் கடைன்னு என் வாயால சொல்லலாமா? அது வண்டி. அவர் டிபார்ட்மெண்ட்."

"இல்லை, உங்க டிபார்ட்மெண்ட்," என்றார் பஞ்சாபகேசன்.

"எழுதித் தரேளா?"

"பேஷா. நீங்க?"

ராகு காலத்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது இருவரும் வேனின் பலகையை இறக்கி, அதையே மேஜையாக்கி, எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்கள். ஒன்றில், 'நேரில் சோதித்ததில் இது வாகனம் அன்று, கடை' என்று இருந்தது. இன்னொன்றில், 'நேரில் சோதித்ததில் இது கடை அன்று, வாகனம்' என்று இருந்தது. பொங்கிய பாலில் சர்க்கரை போட்டு ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்துவிட்டு ரிக்‌ஷா ஏறினார்கள்.

மலையாண்டி தரையில் உட்கார்ந்துவிட்டான். "போச்சுக்கா. ரெண்டு பேரும் இல்லைன்னு எழுதிட்டாங்க. அம்புட்டு வேலையும் வீணு."

ஜெயக்கொடி இரண்டு காகிதத்தையும் வெயிலில் பிடித்து, எழுத்துக் கூட்டி, இரண்டு தடவை படித்தாள். மடித்து இடுப்பில் சொருகினாள்.

"நாளைக்கு விடிய உளுந்து ஆட்டணும்," என்றாள். "அந்த மாவுச் சட்டிய நல்லாக் கழுவு. ஆபீசர் கட்டிப்பிடிச்சிருக்காரு."

ஆடி மாதம் ஒரு காலையில், பழைய கடை இருந்த ரோட்டின் அதே இடத்தில், ஓவர்சியர் ஒருவர் கடப்பாரை ஆட்கள் நாலு பேரோடு வந்தார். அனுமதியில்லாத கடையை இடிக்க உத்தரவு என்றார். ஜெயக்கொடி இட்லித் தட்டை இறக்கிவைத்துவிட்டு, 'கடை அன்று' என்ற காகிதத்தை நீட்டினாள். அவர் படித்தார். சரி, எஃப்.சி. இல்லாத வண்டியை இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான் என்றார். 'வாகனம் அன்று' என்ற காகிதத்தை நீட்டினாள். அவர் அதையும் படித்தார். முத்திரையைத் தேய்த்துப் பார்த்தார். கடப்பாரை ஆட்கள் அதற்குள் பலகையில் உட்கார்ந்து இலைக்குத் தண்ணீர் தெளித்திருந்தார்கள்.

"ஏம்மா, அப்ப இது என்னதான்?" என்றார் ஓவர்சியர்.

"அந்த ஆபீசருகளுக்கே தெரியலையாம் சார். ஒங்களுக்கு எத்தன வைக்க?"

ஓவர்சியர் இரண்டு காகிதத்தையும் திருப்பிக் கொடுத்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அடுப்பு அக்னி மூலையில் இரைந்துகொண்டிருந்தது. அவர் கைகழுவிக்கொண்டு பலகையின் ஓரத்தில் உட்கார்ந்து, தலைக்கு மேலே மூன்று கோட் பச்சையை மீறித் தெரிந்த எழுத்தை அண்ணாந்து படித்தார்.

"ரெண்டு," என்றார்.