அரசருக்கு முதுகு காட்டாத சொபோவாலே

இஜெபு-ஓடே ஊரில் முப்பது வருஷமாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் சொபோவாலே. ஓஜுதே ஓபா திருவிழாவில் குடும்பத்தின் சார்பாகக் குதிரையேறி அரசருக்கு வணக்கம் வைக்கும் முறை அந்த வருஷம் அவருக்கு வந்தது. குதிரைக்குப் பக்கத்தில்கூட நின்றதில்லை என்பதை அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

“குதிரை என்ன பெரிய குதிரை? கியர் இல்லாத வண்டி, அவ்வளவுதான்.”

“வண்டி கடிக்காதுங்க,” என்றாள் மனைவி அசாபி.

திருவிழாவன்று குதிரைக்காரன் டன்லாடி கடிவாளத்தை அவர் கையில் கொடுத்தான். “பரம சாது அண்ணே. வெடிச் சத்தம் மட்டும் ஆகாது.”

“அடப்பாவி! துப்பாக்கி வெடிக்காம என்னய்யா திருவிழா?”

“அதான் முன்கூட்டியே சொல்லிட்டேன்ல,” என்று டன்லாடி கூட்டத்துக்குள் நழுவிவிட்டான்.

கூடாரம் போல விரிந்த அக்பாடா அங்கியும் பவளமாலையுமாக, கொட்டு முழங்க, சொபோவாலே மைதானத்துக்குள் நுழைந்தார். அரசரின் மேடைக்கு இருபதடி தூரத்தில் சொபோவாலேயின் மச்சான்மார் மரியாதைக்காக வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள்.

குதிரை சட்டென்று திரும்பி, பிட்டத்தை அரசருக்குக் காட்டி நின்றது. போதாக்குறைக்கு வாலையும் தூக்கியது.

அரசருக்குப் பின்புறம் காட்டுவது அங்கே பெரிய அவமரியாதை. சொபோவாலே இழுத்தார், கெஞ்சினார், பழக்கதோஷத்தில் காலால் பிரேக்கைத் தேடினார். அது அசையவில்லை.

“என்னங்க! குதிரை திரும்பலைன்னா நீங்க திரும்புங்க!” என்று கூட்டத்திலிருந்து அசாபி கத்தினாள்.

அவர் சேணத்தின் மேலேயே திரும்பினார். அங்கி தலையை மூடிக்கொண்டது. ஒருவழியாக முகம் வெளியே வந்தபோது அரசர் நேர் எதிரே இருந்தார். ஒரு கையால் வாலைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தூக்கி, “கபியேசி!” என்று வணங்கினார்.

துப்பாக்கி மறுபடி வெடித்தது. குதிரை பிய்த்துக்கொண்டு ஓடியது. கையை இறக்க மறந்த சொபோவாலே, அரசரையே பார்த்தபடி வாசலைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, கர்ரி என்கிற மரவள்ளிக்கிழங்கு மாவு மூட்டைகளின் மேல் போய் விழுந்தார்.

மூச்சிரைக்க ஓடிவந்தாள் அசாபி. “அடி பட்டுச்சா?”

“அதை விடு. அங்க என்ன பேசிக்கிறாங்க?”

“கடைசி வரைக்கும் அரசருக்கு முதுகு காட்டாம போன ஒரே மனுஷன்னு கொட்டுக்காரன் உங்க பேரைச் சொல்லி அடிச்சுத் தள்றான்!”

சொபோவாலே மாவு படிந்த மீசையைத் துடைத்துக்கொண்டார். “பின்னே? ரிவர்ஸ் எடுக்கிறதை எனக்கா சொல்லித்தரணும்?”

மூன்று நாள் அவர் நின்றுகொண்டேதான் சாப்பிட்டார்.