நான்காவது வரிக்கு எவ்வளவு பவர்?

எனக்கும் கவிதைக்கும் ஏழாம் பொருத்தம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பகுதி என்றாலே எனக்கு வயிற்று வலி வந்துவிடும். அப்படிப்பட்ட நான், என் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு, பஸ்ஸில் உட்கார்ந்து கைபேசியில் நாலு வரி தட்டினேன். அது கவிதையா, வெறும் புலம்பலா என்று எனக்கு விளங்கவில்லை. வாய்விட்டுப் படித்தால் தெரியும் என்று பார்த்தேன். கடைசி வரியில் நின்றுவிட்டேன். வேறு யாராவது அதை முழுதாக வாசித்துக் கேட்டுவிட்டால் குழப்பம் தீரும் என்று தோன்றியது.

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது என் வேலை. வருகிறவர் மூக்கில் ஒரு கனத்த சட்டத்தை மாட்டி, லென்ஸ்களை மாற்றி மாற்றிச் செருகி, கையில் ஓர் அட்டையைக் கொடுத்துப் படிக்கச் சொல்வேன். மேலே பெரிய எழுத்து. இறங்க இறங்கப் பொடி எழுத்து. அந்த அட்டையில் முதலாளியே டீயைக் கொட்டிவிட்டார்.

"ஏதாவது நாலு வரி டைப் அடிச்சுப் போடும்மா. யாரு அர்த்தம் பாக்கப் போறாங்க?" என்றார்.

போட்டேன்.

உனக்குக் காற்று வேண்டும், எனக்குக் குளிரும்.
உனக்காகப் பாதிச் சன்னல் திறந்து வைத்தேன்.
இப்போது முழுச் சன்னலும் என்னுடையது.
எவ்வளவு திறப்பதென்று தெரியவில்லை.

முதல் மூன்று வரி கடகடவென்று போகும். நான்காவதில் பலர் நின்றுவிடுவார்கள். அட்டையைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள். எழுத்து தெரியவில்லை போலிருக்கிறது என்று கால் பவர் ஏற்றுவேன். அப்புறம் இன்னொரு கால். வாசித்து முடித்த சிலரோ கரண்ட் பில் படிப்பதுபோல் படித்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"என்னம்மா நடக்குது?" என்று ஒருநாள் முதலாளி வந்து நின்றார். "புதுக் கண்ணாடி போட்டா தலை சுத்துதுன்னு வரிசையா திரும்பி வர்றாங்க. கண்ணுக்குப் பவர் வைக்கிறியா, பழி வாங்குறியா?"

லென்ஸ் பெட்டியைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து என் மாமனார் வந்தார். பேப்பர் படிக்க முடியவில்லையாம். அவர் மகன் போனதிலிருந்து நாங்கள் ஒரே வீட்டில் இருந்துகொண்டு சாப்பாடு, மாத்திரை தவிர எதையும் பேசுவதில்லை. பழக்கதோஷத்தில் அவரிடமும் அட்டையை நீட்டிவிட்டேன். நீட்டிய பிறகுதான் சுருக்கென்றது.

மூன்று வரி மெதுவாக வாசித்தார். நான்காவதில் நின்றார். என் கை தானாக லென்ஸை ஏற்றியது.

"இப்போ?"

இல்லையென்று தலையாட்டினார். இன்னொன்று ஏற்றினேன்.

"இப்பவாவது தெரியுதா மாமா?"

"மொதல்லயே தெரிஞ்சுதும்மா. வாய்தான் வரல."

திரும்பி வந்த கண்ணாடிகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அவர்களுக்கும் எழுத்து தெரிந்துதான் இருந்ததா? யாரை நினைத்து நின்றார்கள்? ஒருவரிடமாவது கேட்கத் தோன்றவில்லையே எனக்கு.

"நீயே வாசி," என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். வாசித்தேன். 'எவ்வளவு' வரைக்கும் வந்தது. அதற்கு மேல் எழுத்தெல்லாம் கலங்கிப்போயிற்று.

"உனக்கும் பவர் ஏத்தணும் போலிருக்கே," என்றார் அந்தக் கனத்த சட்டத்துக்குள்ளிருந்து. சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் பொத்துக்கொண்டு வந்தது.

"இது கவிதைதானா மாமா?"

"அதெல்லாம் எனக்கென்னம்மா தெரியும்?"

சட்டத்தைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அட்டையைப் பார்க்காமலே நான்காவது வரியைச் சொன்னார், முழுதாக. கேட்டுவிட்டேன். குழப்பம் தீரவில்லை.

"சின்னப் புள்ளையில இருந்தே அவனுக்கு சன்னல் முழுசாத் தொறந்திருக்கணும்," என்றார். "மழையே அடிச்சாலும் மூட விடமாட்டான். நாங்க சொல்லி ஒருநாள்கூட மூடினதில்ல. உனக்காகப் பாதி மூடினானா?"

பாதி திறந்ததை நான் விட்டுக்கொடுத்தது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.