கடைசி நடவடிக்கைத் தேதி

ராய் டில்யார்ட் கடலில் மூழ்கி ஆறு ஆண்டு பதினோரு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, அவனுடைய அலுவலக முகவரியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. "வெளித்தீவைத் தாண்டிட்டேன். மூடுபனி கண்ணை மறைக்குது. லேட்டாகும்."

டாஸ்மேனியாவின் தென்கரையில் உள்ள அந்தச் சிறு துறைமுக அலுவலகத்தில் அவன் படகோட்டியாக இருந்தவன். ஆவணங்களுக்குப் பொறுப்பு அவன் மனைவி வெர்னா. கடைசி நடவடிக்கைத் தேதியிலிருந்து ஏழாண்டுகள் ஒரு கோப்பைக் காக்க வேண்டும். பிறகு வெர்னா கையெழுத்திட, அது அழிக்கப்படும். விதியை அவள் ஒருநாளும் வளைத்ததில்லை. ராயின் உடல் கிடைக்கவில்லை, கல்லறையும் இல்லை. அவன் எழுதியவை என்று உலகத்தில் மிஞ்சியிருந்தவை அவனுடைய பணிக் கோப்பிலிருந்த மின்னஞ்சல்கள்தாம். அவற்றையும் அந்த மாத அழிப்புப் பட்டியலில் தன் கையாலேயே சேர்த்திருந்தாள். இப்போது புதிதாக ஒன்று வந்துவிட்டதால், ஏழாண்டுக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. தலைநகர் ஹோபார்ட்டிலிருந்து கணினி ஆட்கள் வந்து பார்த்து, யாரும் திருட்டுத்தனம் செய்யவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். விசைப்பலகையில் உப்புத் தண்ணீர் ஏன் தேங்குகிறது என்பதுதான் அவர்களுக்குப் பிடிபடவில்லை.

"உயிரோட இருந்தப்பவே உன் வீட்டுக்காரர் கடைசி நிமிஷத்துலதான் வருவார்," என்றாள் வரவேற்பில் இருந்த டோரீன். "செத்தும் திருந்தல பாரு!"

வெர்னா சிரித்தாள். பிறகு கழிப்பறைக்குப் போனவள் அரைமணி நேரம் வெளியே வரவில்லை.

ஏழாண்டு கழித்து, அடுத்த கெடுவுக்கு முந்தின நாள், கலங்கரை விளக்கம் தெரிவதாக ராய் எழுதினான். மூன்றாவது கெடு வந்தபோது வெர்னா ஓய்வுபெற ஒரு வாரமே இருந்தது. புதுக் கணினிக்குப் பழைய குப்பை எதுவும் போகாது என்று புது மேலாளர் கிரெய்க் சொல்லிவிட்டான். கெடு நாள் மதியம் மூன்று மணிவரை எதுவும் வரவில்லை. வெர்னா கையெழுத்துப் போட்டாள்.

"இன்னும் ஒருநாள் வேணா பார்க்கலாமே, வெர்னா?" என்றான் கிரெய்க்.

"வேணாம்ப்பா. ஊர்க்காரங்களுக்கு ஒண்ணு, என் புருஷனுக்கு ஒண்ணா? அழுத்து."

கிரெய்க் சுட்டியில் விரல் வைத்ததும் மேசைக்கடியில் கணுக்கால்வரை குளிர்ந்த தண்ணீர் ஏறியது. திரையில் எழுத்துகள் வந்தன: "படகுத்துறையைப் பிடிச்சுட்டேன். படி வழுக்குது. கொஞ்சம் பொறு, வெர்னா."

கிரெய்க் கையை எடுத்துக்கொண்டான். "அட்டவணையில இவரை எந்த இனத்துல சேர்க்கறது?" என்று கேட்டான்.

"வந்துக்கிட்டிருக்கறவர்னு போடு," என்றாள் வெர்னா.

அப்படியே போட்டான். தலைநகரிலிருந்து பத்தே நாளில் ஒப்புதல் வந்தது. காப்புக்கால அட்டவணையில் நூற்று நாற்பதாவது இனம் இன்றும் அதுதான்: வந்துகொண்டிருக்கும் பணியாளர், காக்க வேண்டிய காலம், வந்து சேரும்வரை. அக்கம்பக்கத்துத் துறைமுகங்களிலிருந்து பெண்கள் படிவம் கேட்டு எழுதினார்கள். ஓராண்டுக்குள் அதில் இன்னும் மூன்று பெயர்கள் சேர்ந்தன.