கனகராஜைக் கூப்பிடப் போனவள்

ரூபனின் கையிலிருந்த தட்டைப் புனிதா வெடுக்கென்று பிடுங்கினாள். எலுமிச்சம்பழம் உருண்டு மண்ணில் விழுந்தது. குனிந்து எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்து, மறுபடியும் தட்டில் வைத்தாள்.

"நான் போறேன்," என்றாள்.

வேலைத்தளத்தின் தகர வாசலில் நின்ற நான்கு பேரும் அவளைப் பார்த்தார்கள். மகன் ரூபன், கணவனின் அண்ணன் இராமசாமி, பாதுகாப்பு மேற்பார்வையாளர் டொமினிக், வாசல் காவலாளி. காவலாளி மட்டும் உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அடுத்தவர் வீட்டுச் சண்டையைப் பார்க்கக் கூடாது என்கிற நாகரிகம் அவனுக்கு இருந்தது. இராமசாமிக்கு அதெல்லாம் கிடையாது.

"பொம்பள போற எடமா அது? ஆம்பளப் புள்ளைய வச்சிக்கிட்டு நீ ஏம்மா? மவன்தான் போயி கூப்புடணும்."

"இல்ல மாமா. நான்தான் போவேன்."

"ஒனக்கு மூணாவது மாடில துணி காயப் போடவே தலை சுத்தும்லா. இது இருபத்தொம்பது."

"சுத்தட்டும்."

கான்கிரீட்டுக்குப் பலகை அடைக்கிற அவள் புருஷன் கனகராஜ் வியாழக்கிழமை மாலை அந்த இருபத்தொன்பதாவது மாடியிலிருந்து விழுந்தான். இன்று சனிக்கிழமை. பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவந்துவிடுவார்கள். அதற்குள் உயிரை வீட்டுக்கு அழைத்து வர வேண்டும் என்பது இராமசாமியின் உத்தரவு. விபத்தில் செத்தவரைச் செத்த இடத்துக்குப் போய்க் கூப்பிட்டு வருவது அவர்கள் குடும்பத்தில் உள்ள வழக்கம்தான். இராமசாமியின் அப்பா லாரியில் அடிபட்டபோது சித்தியவான் ஊருக்குப் போகிற ரோட்டோரத்தில் நின்று கூப்பிட்டார்கள். ரோட்டோரம் என்றால் யாரும் போகலாம். ஆனால் கனகராஜ் விழுந்தது ஓர் இடம், புறப்பட்டது ஓர் இடம்.

"ஒடம்பு கீழ வந்துருச்சு. உசுரு மேலயேதான் நிக்கிது, எப்புடி எறங்குறதுன்னு தெரியாம," என்று நேற்றே தீர்ப்புச் சொல்லியிருந்தார் இராமசாமி. "அகாலத்துல போனவன் தனியா இருக்க மாட்டான், பாத்துக்க. தொணைக்கு ஆள் தேடுவான். சொந்த ரத்தமாத்தான் தேடுவான்."

சொல்லிவிட்டு அவர் காப்பியை ஊதி ஊதிக் குடித்தார். புனிதாவுக்கு அதன் பிறகு பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கவில்லை.

காரணம் ரூபன். மூன்று மாதத்துக்கு முன் அப்பாவே கையைப் பிடித்துக் கூட்டி வந்து இதே கட்டடத்தில் அவனைச் சேர்த்துவிட்டான். பன்னிரண்டாவது மாடியில் மின்கம்பி இழுக்கிற வேலை. வியாழக்கிழமையிலிருந்து அவன் அழவில்லை, சாப்பிடவில்லை. அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் நடைபாதையில் நின்றால் இந்தக் கட்டடம் நேர் எதிரே தெரியும். கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி நிற்கிறான். "என்னடா பாக்குற?" என்று நேற்று மத்தியானம் கேட்டாள். "அப்பா கூப்புடுற மாதிரியே இருக்கும்மா," என்றான், சாதாரணமாக, ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்பது போல.

இருபத்தைந்து வருடம் கூடவே படுத்து எழுந்த மனிதனை நினைத்து அவள் முதல்முறையாகப் பயந்தாள். பல்லியைக்கூட அடிக்காமல் காகிதத்தில் ஏந்தி வெளியே விடுகிற ஆள். ஆனால் செத்தவன் பழைய ஆளாகவே இருப்பான் என்று யார் சொன்னது? புதிய இடத்துக்கு ரூபனை அழைத்துப் போகிற பழக்கம் அவனுக்கு உண்டு.

"ரூபன், நீ வாசலத் தாண்டக் கூடாது," என்றாள். "கால் வச்சே, அம்மாவ உயிரோட பாக்க மாட்ட."

அவன் தலையாட்டினான். கண்கள் அவளைப் பார்க்கவில்லை, அண்ணாந்திருந்தன.

இராமசாமி தம்பியின் நீலச் சட்டையை மடித்துத் தட்டில் வைத்தார். "சூடத்தக் கொளுத்திப் பேரச் சொல்லி மூணு தரம் கூப்புடு. அப்பறம் திரும்பிப் பாக்காம வந்துரு."

டொமினிக் தன் ஹெல்மெட்டைக் கழற்றி அவள் தலையில் வைத்துப் பட்டியை இறுக்கினான். அவன் கழுத்தில் சின்னச் சிலுவை தொங்கியது. இந்த அரை மணி நேர அனுமதியை மேலிடத்தில் வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். மேலிடத்துக்கு ஆவி மீதெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் வேலை மறுபடி தொடங்கும்போது இருபத்தைந்துக்கு மேல் ஏற மாட்டோம் என்று ஆட்கள் சொல்லிவிட்டார்கள். ஆள் இல்லாத தளத்தில் யாரோ சுத்தியலால் தட்டுகிற சத்தம் கேட்டதாம். அதன் பிறகு மேலிடத்துக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது.

ஆட்கள் ஏறும் இரும்புக் கூண்டு கட்டடத்தின் வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றது. அதை ஓட்டும் ரஃபிக் வங்காளதேசத்துக்காரன், தாடி நரைத்தவன். கனகராஜை நான்கு வருடம் ஏற்றி இறக்கியவன். அவளைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்தான்.

"ஜாங்ஙான் தாக்குட், காக்," என்றான். பயப்படாதே அக்கா என்று மலாயில் சொல்லிவிட்டு, டொமினிக்கும் ஏறியதும் கூண்டின் கதவை இழுத்து மூடினான்.

கூண்டு ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. புனிதா கண்களை மூடிக்கொண்டாள். மூடினால் இன்னும் மோசமாக இருந்தது. திறந்தாள். ஐந்து, ஆறு, ஏழு என்று சிவப்புச் சாயத்தில் எழுதிய எண்கள் கீழே போய்க்கொண்டிருந்தன. பன்னிரண்டைத் தாண்டும்போது உள்ளே ஒரு வயர் சுருளும் அதன் மேல் ஒரு தண்ணீர் போத்தலும் தெரிந்தன. ரூபனுடையதாக இருக்கலாம். அவள் தட்டை இறுக்கிக்கொண்டாள்.

ஐந்தாறு வருடத்துக்கு முன்புவரை ஈப்போ நகரில் உயரம் என்றால் சுண்ணாம்பு மலைகள்தான். இப்போது அவற்றுக்குப் போட்டியாக எங்கே பார்த்தாலும் பாதி கட்டிய கோபுரங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கிரேன். இந்த மண்ணில்தான் அண்ணன் தம்பி இரண்டு பேரும் பிறந்த, ரப்பர் மரம் நின்ற கித்தாத் தோட்டம் இருந்தது. அதை நினைத்து ஏங்க ஒன்றுமில்லை; அங்கே அட்டை ரத்தம் குடித்தது, அவ்வளவுதான். கனகராஜுக்கும் ஏக்கமில்லை. ஒவ்வொரு ஞாயிறும் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "அது நான் போட்டது, இதும் நான் போட்டது," என்று காட்டுவான். அவள் அண்ணாந்து பார்க்காமலே, "நல்லாருக்கு," என்பாள். ஒரு தடவையாவது பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

இருபத்தொன்பதில் கூண்டு நின்றது. ரஃபிக் கதவைத் திறந்தான், ஆனால் வெளியே காலெடுத்து வைக்கவில்லை.

சுவரில்லாத தளம். தூண்களும் காற்றும் மட்டும் இருந்தன. விளிம்பு முழுக்கப் புதுப் பச்சை வலை கட்டியிருந்தார்கள். கடையில் வாங்கிய மடிப்புகூட இன்னும் கலையவில்லை. டொமினிக் அவள் இடுப்பில் பட்டையைக் கட்டி, அதிலிருந்து தொங்கிய இரண்டு கொக்கிகளையும் கம்பியில் மாட்டினான்.

"ஒன்ன மாட்டிட்டுத்தான் இன்னொன்ன கழட்டணும்கா. அண்ணே அன்னிக்கு ரெண்டயும் கழட்டிட்டாரு." அவன் குரல் இறங்கியது. "மழ வந்துக்கிட்டு இருந்துச்சு. கடைசிப் பலகதானேன்னு எக்கிட்டாரு."

"எந்தப் பலக?"

அவன் கை காட்டினான். கான்கிரீட் ஊற்றும்போது விளிம்பில் அடைக்கிற பலகைகளில் ஒன்று மட்டும் இன்னும் கழற்றப்படாமல் ஒற்றை ஆணியில் தொங்கியது. மூன்று நாளாக அதை யாரும் தொடவில்லை. புனிதா அதையே பார்த்தாள். வீட்டிலும் அப்படித்தான். பல்பு மாட்ட நாற்காலி கொண்டு வரச் சோம்பல்பட்டு சன்னல் விளிம்பில் ஏறி எக்குவான். எத்தனை தடவை திட்டியிருக்கிறாள்! அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம்தான் அவளை நான்கு அடி நடக்க வைத்தது.

சூடத்தை எடுத்தபோது டொமினிக் தயங்கினான். "மேல நெருப்பு பத்த வைக்கக் கூடாதுக்கா. ரூல்ஸ்." பிறகு அவனே, "நான் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கேன்," என்று முதுகைத் திருப்பிக்கொண்டான்.

நான்கு குச்சிகள் காற்றில் அணைந்தன. ஐந்தாவது பிடித்தது.

"என்னாங்க," என்று கூப்பிட்டாள்.

குரல் வாயை விட்டு வெளியே போகவே இல்லை. அந்த நேரத்தில் பலகை டக்கென்று தட்டியது. கூண்டுக்குள்ளிருந்த ரஃபிக் ஏதோ ஓதத் தொடங்கினான். காற்றில் ஆடுகிற பலகை என்று அவள் கண் சொன்னது. அவளுடைய கால்கள் அதை நம்பவில்லை.

'என்னாங்க' போதாது. ஊரில் ஆயிரம் பேருக்கு அதுதான் பெயர். இத்தனை வருடத்தில் அவள் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. பள்ளிக்கூடப் படிவத்திலும் கிளினிக்கிலும் எழுதிக் காட்டியிருக்கிறாள். ரூபன் பிறந்த பிறகு அவளுக்குச் சுலபமாக ஒன்று கிடைத்தது, அதுவே பழகியும் விட்டது. வாயைத் திறந்தாள்.

"ரூ—"

சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். 'ரூபன் அப்பா' என்று இங்கே நின்று கூப்பிட்டால் முதலில் கேட்பது யாருடைய பெயர்? துணை தேடிக்கொண்டு நிற்பவனிடம் போய் அந்தப் பெயரையா கொடுப்பது? சூடம் பாதி கரைந்துவிட்டது. டொமினிக் திரும்பாமலே, "அக்கா, நேரமாவுது," என்றான்.

"கனகராஜு," என்றாள்.

அந்நிய ஆளின் பெயர் மாதிரி இருந்தது. கூச்சமாக இருந்தது, இந்த இடத்தில்கூட.

"கனகராஜு!" இப்போது கொஞ்சம் சத்தமாக. பலகை தட்டியது. அவள் பின்னால் போகவில்லை.

"யோவ் கனகராஜு! கேக்குதா இல்லியா? புள்ளையக் கூப்புடாதய்யா. அவன் வர மாட்டான், நான் விட மாட்டேன். நான் வந்திருக்கேன்ல? இந்த ஒயரத்துக்கு நான் வந்திருக்கேன், ஒனக்காக. வாய்யா, வீட்டுக்குப் போலாம்."

வலை உப்பி அடங்கியது. பலகை ஒரு தரம் தட்டியது, அதன் பிறகு தட்டவில்லை. காற்று நின்றுவிட்டதா, வேறு ஏதாவதா என்று யோசிக்க அவளுக்குத் தைரியமில்லை. நீலச் சட்டையை விரித்துத் தட்டை மூடினாள். டொமினிக் கொக்கிகளைக் கழற்றிவிட, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

கூண்டில் முன்பு நின்ற இடத்தில் அவள் நிற்கவில்லை. ஓர் ஓரமாக, கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொண்டாள். டொமினிக்கும் எதிர்ப்பக்கம் ஒதுங்கினான். நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது.

"எறங்குறோம்," என்று முணுமுணுத்தாள். "கெட்டியாப் புடிச்சிக்கிங்க. கீழ பாக்காதீங்க."

நான்கு வருடம் தினமும் இதில் ஏறி இறங்கியவனுக்கு அவள் சொல்லிக்கொடுத்தாள். இருபது, பதினைந்து. பன்னிரண்டு வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு, "இங்க ஒன்னுமில்ல, வாங்க," என்றாள். தட்டைப் பிடித்திருந்த விரல்கள் மரத்துப் போயிருந்தன. கழுத்தின் பின்பக்கம் மட்டும் சில்லென்று இருந்தது. அதைத் தொட்டுப் பார்க்கவில்லை.

மூன்றாவது மாடியில் குனிந்து பார்த்தாள். ரூபன் வாசலுக்கு வெளியே இல்லை. உள்ளே, கூண்டு வந்து நிற்கும் இடத்துக்கே வந்துவிட்டான். தலையில் ஹெல்மெட்கூட இல்லை. இராமசாமி பின்னாலிருந்து கூப்பிடுவது அவன் காதில் விழவில்லை.

கூண்டு தரையைத் தொட்டது. ரஃபிக் கதவை இழுத்தான். ரூபன் தட்டை வாங்கக் கைகளை நீட்டிக்கொண்டு நெருங்கி வந்தான். மூன்று நாளில் முதல் தடவையாக அவன் முகம் உடைந்திருந்தது, கண்ணில் தண்ணீர் நின்றது.

"அம்மா..."

புனிதா நகரவில்லை. அவனைத் தொடவும் விடவில்லை.

"தள்ளி நில்லுடா," என்றாள். "அப்பா எறங்கட்டும்."

ரூபன் இரண்டு எட்டு பின்னால் போய் ஒதுங்கி நின்றான். ரஃபிக்குக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கதவை மூடாமல், தோளால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.