சமையல் மேடையில் கவச மீன்

"கட்டரை நிறுத்துங்கண்ணே!"

தங்கை போட்ட கூச்சலில் கொத்தனார் வெலவெலத்துப் போனார். சமையல் மேடைக்குப் போட்ட சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல் பலகையில் சிங்க் வைக்கக் கோடு கிழித்து, அப்போதுதான் கல் அறுக்கும் கட்டரை ஓடவிட்டிருந்தார். அக்காவின் புது வீட்டைப் பார்க்க வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்ப் பலகைமேல் கையை விரித்துப் படுத்துக்கொண்டாள்.

அருங்காட்சியகத்தில் ஊசியால் கல்லைச் சுரண்டிப் பழங்கால எலும்புகளை வெளியே எடுப்பது அவள் பிழைப்பு. வீட்டில் எல்லோருக்கும் அவள் 'எலும்பு'.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஆரம்பிச்சிட்டியா எலும்பு? போன தடவை என் மாமனார் தோட்டத்தையே தோண்ட வெச்சே. என்ன கிடைச்சுது? உடைஞ்ச பீங்கான். குளியலறையில உக்காந்து பாத்திரம் கழுவி எனக்கு இடுப்பே விட்டுப்போச்சுடி. இன்னைக்கு சிங்க் வந்தாகணும்."

அந்தப் பீங்கானை நினைத்துத் தங்கைக்குக் காது சூடானது. இன்றும் தோற்றால் இந்த வீட்டில் அவள் பேச்சு இனி எடுபடாது. கல்லுக்குள் அவள் கண்ட மீனும் இரண்டு துண்டாகிவிடும். ஒரு குவளைத் தண்ணீரை அப்படியே பலகையில் ஊற்றினாள். நனைந்த கல்லில் பழுப்புப் பட்டைகள் பளிச்சென்று தெரிந்தன.

"இது கறை இல்லக்கா. கொக்கோஸ்டியஸ்! இல்லன்னா அதோட பங்காளி. கவச மீனு. டைனோசர் தலையெடுக்கிறதுக்கு முன்னாடியே வம்சம் பூண்டோட அழிஞ்சுபோச்சு. இது உடம்புக் கவசம். இதோ பாரு, கழுத்துல கீல்! வாயைத் திறக்கணும்னா தலையையே மேல தூக்கும்!" மூச்சு வாங்கியது. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா கிட்டே வந்து அந்தக் கீலை விரலால் தடவிப் பார்த்தாள். "சரி, தலை எங்கேடி?"

"பாறையைப் பலகையா அறுத்தப்போ வாள் சரிவாப் போயிருக்கு. அடுத்த பலகையில இருக்கும். அது எந்த வீட்டுக்குப் போச்சோ." தங்கையின் குரல் இறங்கிவிட்டது.

கொத்தனார் தொண்டையைச் செருமினார். "எங்கேயும் போகலம்மா. அடுப்புக்குப் பின்னாடி சுவத்துல ஒட்டினது அதுதான். பழுப்பா அசிங்கமா இருக்கேன்னு அந்தப் பக்கத்தை நான்தான் உள்ளே திருப்பி ஒட்டிட்டேன்."

அந்தச் சமையலறையில் வேலை முடிந்திருந்தது அந்த ஒரு சுவர்தான். அக்கா துடைத்துத் துடைத்து அதைப் பளபளவென்று வைத்திருந்தாள். அதைப் பெயர்க்கச் சொல்லிக் கேட்கத் தங்கைக்கு நாக்கு எழவில்லை.

அக்கா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடுப்பைப் பிடித்து இழுத்தாள்.

"என்னண்ணே பார்த்துட்டு நிக்கிறீங்க? உளியை எடுங்க. கல்லு உடையாம மெதுவாப் பேர்த்தெடுங்க. தலையில்லாத மீனை வெச்சுக்கிட்டு என் தங்கச்சி என்ன பண்ணுவா?"