புள்ளியியலுக்கு ஓர் ஆள் குறைகிறது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை கலைத்தாகத்தில் பிறக்கவில்லை. துறைத்தலைவர் கேட்டதால் பிறந்தது. கணிதம், புள்ளியியல், கம்ப்யூட்டர் மூன்றில் எந்த அறிமுகப் பாடத்தை எடுப்பது என்று முதலாண்டுப் பிள்ளைகள் முழிக்கிறார்களாம். வழிகாட்டியாக ஒரு கட்டுரை எழுதிப் பலகையில் ஒட்டு என்றார். கட்டுரையை யாரும் படிப்பதில்லை என்பதால் கதையாக எழுதுகிறேன். கதையையும் யாரும் படிப்பதில்லைதான். ஆனால் நீங்கள் பதிவு அறைக்கு வெளியே வரிசையில் நிற்கிறீர்கள், எதிரே இந்தப் பலகை, கைப்பேசியில் சார்ஜ் இல்லை. வேறு எங்கே போவீர்கள்?

(முன்னால் நிற்பவர் நகர்ந்துவிட்டார். ஓரடி வையுங்கள்.)

2

தொடக்கம் அ: "அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே எண்களைக் கண்டால் ஆகாது."

தொடக்கம் ஆ: "மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் மனத்தில் மூன்று பாடங்களும்"

(வேண்டாம். மழை வந்தால் கதைக்குள் காதலும் வந்துவிடும். பதிவு நாலு மணிக்கு முடிகிறது.)

ஆகவே அ. கணிதம் எடுத்தால் நாயகி அழுவாள். கம்ப்யூட்டரை ஊரே எடுப்பதால் உட்கார நாற்காலி கிடைக்காது. அறிவுள்ள பெண், புள்ளியியல் எடுக்கிறாள். வாழ்க்கை மலர்கிறது. சுபம்.

கதையின் நடுநிலைமையைக் கவனித்திருப்பீர்கள்.

3

வரைவை மூன்று ஆசிரியர்களிடமும் காட்டினேன். கணித சார் முதல் வரியைத் தாண்டவில்லை. அப்படி ஒரு பெண் இருக்கிறாள் என்று முதலில் நிரூபி, அதற்கப்புறம் அவளுக்கு எது ஆகாது என்று பார்க்கலாம் என்றார். கம்ப்யூட்டர் சார், நாயகி கல்லூரிக்கே வராவிட்டால் உன் கதை என்ன செய்யும், இரண்டு தடவை வந்துவிட்டால் என்ன செய்யும் என்று கேட்டுக் கேட்டே கதையைக் கவிழ்த்தார். புள்ளியியல் மேடம் மட்டும்தான் முழுதாகப் படித்தார்.

"ஒரே ஒரு பொண்ணு எடுத்தா, நல்லா ஆயிட்டா. அத வச்சு எல்லாரும் எடுக்கணும்னு சொல்றியா?"

"கதை மேடம்."

"இதுக்குத்தான் உன்ன ரெண்டு தடவ ஃபெயில் போட்டேன்."*

* முதல் தடவை என் விடைத்தாள் "இது நாம் அனைவரும் அறிந்ததே" என்று தொடங்கியது. இரண்டாம் தடவை அதே வரியில் முடிந்தது.

4

சரி, குட்டு வெளிப்பட்டுவிட்டது. எனக்கும் பட்டத்துக்கும் நடுவே இந்த ஒரு பேப்பர்தான் நிற்கிறது. பத்துப் பேர் சேராத வகுப்பை இந்தக் கல்லூரி நடத்தாது. இதுவரை சேர்ந்தவர்கள், என்னையும் சேர்த்து, ஒன்பது. இன்றைக்குள் இன்னொருவர் வராவிட்டால் எனக்கு இன்னும் ஒரு வருடம் போச்சு. அப்பாவோ, பையன் பட்டம் வாங்கிவிட்டான் என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். பெரியப்பா பேனா பரிசளிக்க, நான் அதை வாங்கியும் கொண்டேன்.

இதை வழிகாட்டி என்று நம்பிப் படித்துக்கொண்டிருந்தவர்கள் மன்னிக்கவும். இது ஆள்பிடிப்பு.

5

நாயகிக்கு மூலம் என் தங்கை. அவளும் முதலாண்டு. இன்று காலை அவள் குளித்துக்கொண்டிருந்தபோது கதவுக்கு வெளியே நின்று முழு வரைவையும் வாசித்தேன். கேட்பவர் எழுந்து போக முடியாத அரங்கம் எந்த எழுத்தாளனுக்கும் கனவு. அவள் குழாயை வேகமாகத் திறந்துவிட்டாள். பிறகு தலையில் துண்டோடு வந்து தாளைப் பிடுங்கினாள்.

"ஏண்டா அண்ணா, இது யாரு?"

"கற்பனைப் பாத்திரம்."

"என் கோணப்பல்லு, என் சோடாபுட்டி, என் ஓட்ட சைக்கிள். கணக்கு மட்டும் இவளுக்கு ஆகாதா?"

உண்மையில், ஆவி படிந்த கண்ணாடியில் பல் விளக்கிக்கொண்டே கணக்குப் போடுகிறவள் அவள். புள்ளியியலும் கணக்குதான் என்று மெதுவாகப் பேச்சை எடுத்தேன். தெரியும், அடுத்த வருடம் எடுப்பதாக இருக்கிறேன் என்றாள். அடுத்த வருடம் நானும் அங்கேயே கிடப்பேனே என்றேன். சேர்ந்தே படிக்கலாம் என்றாள்.

பிறகு துண்டை உதறிக்கொண்டு, சிரிக்காமல் சொன்னாள்: "நீ பாஸாகணும்னா நீ படி. அதுக்கு நான் எதுக்கு வேற ஆளா மாறணும்?"

இந்த வரியை வெட்டிவிடத்தான் பார்த்தேன். கதையிலேயே உருப்படியான வரி அது ஒன்றுதான் என்பதால் விட்டுவைத்தேன்.

6

முடிவு ஒன்று: பதிவு அறை வாசலில் தங்கை என்னைத் திரும்பிப் பார்க்கிறாள், மனம் இளகுகிறது, புள்ளியியல் என்கிறாள். (இதைப் படித்தால் பலகையோடு கிழிப்பாள்.)

முடிவு இரண்டு: துறைத்தலைவர் விதியைத் தளர்த்துகிறார். (கற்பனைக்கும் ஓர் அளவு உண்டு.)

முடிவு மூன்று: கல்வியின் அருமை உணர்ந்த நான், இன்னொரு வருடத்தை மகிழ்ச்சியோடு (யார் எழுதியதோ, என் கையெழுத்தில் இருக்கிறது.)

நடந்தது: முந்தைய தாளை ஒட்டிக்கொண்டிருந்தபோதே அவள் உள்ளே போய் வந்துவிட்டாள். கணிதம். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. உவமை தேடினேன், அகப்படவில்லை. இந்தப் பகுதியைத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

7

ஆக, கதையில் இப்போது நாயகி இல்லை. ஒரு காலி நாற்காலி இருக்கிறது, எதிரே நீங்கள் நிற்கிறீர்கள். உங்களுக்கு எது ஆகும், எது ஆகாது என்று நான் எழுதப்போவதில்லை. திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள், இன்றைக்கு ஒரு தடவை வாங்கிக்கட்டிக்கொண்டது போதும்.

கணக்குப் போடக் கை துறுதுறுத்தால் கணிதம். ஓடாத நிரலை நாள் முழுக்கத் திட்டிக்கொண்டே சரிசெய்வதில் ஒரு சுகம் கண்டால் கம்ப்யூட்டர். ஆனால் இதைப் படிக்கும்போது, "இவன் யார், இவன் சொல்வதை எதற்கு நம்ப வேண்டும், வேறு நாலு பேரைக் கேட்டானா?" என்று முதல் பகுதியிலிருந்தே உங்களுக்கு அரித்துக்கொண்டிருந்தால், மேடம் தேடும் ஆள் நீங்கள்தான். என்னைத் துளியும் நம்பாத ஒருவரைத்தான் நானும் நம்பியிருக்கிறேன்.

உள்ளே இருப்பவர் தலைநிமிராமல் "என்ன பாடம்?" என்பார். நீங்கள் சொல்வதுதான் கதையின் கடைசி வரி. கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறேன்.