உடைவுப் பதிவேடு

கைகளைத்தான் முத்துப்பேச்சி முதலில் பார்ப்பாள், யார் எதிரில் வந்து நின்றாலும் அவள் பார்வை முகத்துக்கு ஏறாமல் கைகளில் இறங்கி அங்கேயே தங்கிவிடும், வாய் மறைப்பதைக் கை மறைக்காது என்று ஒரு நம்பிக்கை, அவள் பார்த்து வளர்ந்தவை அப்பாவின் கைகள், வெள்ளி நைட்ரேட்டுப் பட்டுக் கறுத்த விரல்நுனிகள், அமிலம் தெறித்து மஞ்சளாகிப் போன நகங்கள், இப்போதும் இந்தக் கல்லூரிச் சேர்க்கை நேர்காணல் கூடத்தில் முதல்வரின் நாற்காலிக்குப் பின்னால் கோப்புகளை ஏந்தி நிற்கும் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவற்றுள் ஒன்று எந்தக் கணத்திலும் எழுந்து மூக்கைத் தேய்க்கக்கூடும். தரவரிசை எண் முப்பத்தெட்டு என்று எழுத்தர் கூப்பிடுகிறார், அவளுடைய எண் நாற்பத்தொன்று, மீதி இடங்களைக் காட்டும் சுவரோரக் கரும்பலகையில் வேதியியல் என்பதற்கு நேரே இருந்த மூன்றை அழித்து இரண்டு என்று எழுதுகிறார்கள், வரலாறு என்பதற்கு நேரே காலையில் எழுதிய முப்பத்தாறு அப்படியே இருக்கிறது, அதை எவரும் தொடவில்லை.

அப்பா சுடலையாண்டி இந்தக் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக உதவியாளர், எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், ஆயினும் எந்தக் குப்பியில் எந்த உப்பு என்பதை இருட்டிலும் சொல்லுவார், செய்முறைத் தேர்வன்று பிள்ளைகள் சோதனைக் குழாயும் கையுமாக நின்று, அண்ணாச்சி, எனக்கு என்ன உப்பு அண்ணாச்சி என்று கண்ணாலேயே கெஞ்சுவார்களாம், அப்பா வாய் திறக்கமாட்டார், மோதிர விரலைத் திருகினால் நைட்ரேட்டு, மூக்கைத் தேய்த்தால் அம்மோனியம், அப்படிக் கரையேறியவர்களுள் ஒருவர் இன்று இதே மேசையில் வேதியியல் விரிவுரையாளராக அமர்ந்து, சுடலை, தண்ணி கொண்டாரும்வே என்கிறார், கோப்புகளை வைத்துவிட்டு அப்பா கொண்டுவந்து வைக்கிறார், கண்ணாடிக் குவளை மேசையில் தட்டிய ஓசை கேட்டதும் அவள் மறுபடி பள்ளி ஆய்வகத்தில் நிற்கிறாள், பிப்ரவரி மாதச் செய்முறைத் தேர்வு, ஜலதோஷத்தால் மூக்கு அடைத்திருக்கிறது, குழாயில் உப்பையும் சோடியம் ஹைட்ராக்சைடையும் இட்டுச் சூடேற்றுகிறாள், நெடி வந்தால் அம்மோனியம், வருகிறதா, தெரியவில்லை, இன்னும் அருகில் பிடிக்கிறாள், ஒன்றும் தெரியவில்லை, நிமிர்ந்தபோது அப்பள்ளியின் ஆய்வக உதவியாளர் பரமசிவம் மாமா சன்னலோரம் நின்று இரண்டு முறை மூக்கைத் தேய்த்தார், அம்மோனியம் என்று எழுதினாள், முழு மதிப்பெண், அந்த மதிப்பெண்தான் அவளை நாற்பத்தோராம் இடத்துக்கு ஏற்றிவிட்டது, அதற்குப் பிறகு எதை முகர்ந்தாலும், சோற்றை முகர்ந்தாலும், முதலில் சுற்றுமுற்றும் ஒரு கையைத் தேடுகிறாள்.

முப்பத்தொன்பது, கணிதம், நாற்பது வரவில்லையா, நாற்பது, மூன்று முறை கூப்பிடுகிறார்கள், வாசலில் ஒரு செருப்போசை விரைந்து வருகிறது, நாற்பதாம் எண்ணுக்கு வேதியியல் வேண்டுமாம், இரண்டு ஒன்றாகிறது. ஒன்றே ஒன்று, அவளுக்காகவே எடுத்துவைத்தாற்போல், அந்த ஒன்றைப் பார்க்கப் பார்க்க அது பழுப்பேறிய தாளில் எழுதிய ஒன்றாக மாறுகிறது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று, கல்லூரி ஆய்வகம் கழித்துப்போட்ட பழைய பதிவேடுகளை அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார், உப்புச் சோதனைகளை எழுதிப் பழகு என்று வெற்றுப் பக்கத்தைக் காட்டுவார், அவள் ஒரு பக்கத்தில் பழகிவிட்டு மறு பக்கத்தைப் படிப்பாள், கண்ணாடிப் பொருள் உடைவுப் பதிவேடு, நாள், பெயர், உடைந்த பொருள், அத்தனை ஆண்பெயர்களுக்கு நடுவில் ஆகஸ்டு ஒன்பது, ரங்கநாயகி, பிப்பெட்டு, மறுபடி செப்டம்பரில் ரங்கநாயகி, குடுவை, அதன்பின் அப்பெயர் எங்கும் இல்லை, எத்தனை ஏடுகளைப் புரட்டினாலும் இல்லை, அவள் எங்கே போனாள், யார் நிறுத்தினார்கள், தானே நின்றாளா, உப்பின் பெயரை ஒருவர் விரல் சொல்லிவிடும், இதை எவர் விரலும் சொல்லாது, தேடித்தான் அறிய வேண்டும், தேடலாம் என்று நினைத்தபோது அவளுக்கு நெஞ்சு படபடத்தது, வேறு எதற்கும் அப்படிப் படபடத்ததில்லை.

நேற்று மாலை கிணற்றடியில் அப்பா கை கழுவிக்கொண்டிருக்கையில் சொன்னாள், எப்பா, அன்னைக்கு எனக்கு ஒரு மணமும் தெரியலப்பா, பரமசிவம் மாமா மூக்கத் தேச்சாவ, எழுதிட்டேன். அப்பா திரும்பவில்லை, சோப்பை இன்னொரு முறை தேய்த்தார், நாந்தான் சொல்லிவச்சேன் என்றார், பிறகு குரல் ஏறிற்று, ஊரான் பிள்ளைகளுக்கு எத்தன பேருக்குக் காட்டிருக்கேன், அந்தக் கை எம் பிள்ளைக்கு மட்டும் காட்டக் கூடாதோ. எனக்கு வரலாறு படிக்கணும்ப்பா. செத்தவங்க கதயப் படிச்சு என்னத்தட்டி கிழிக்கப் போற. அந்தப் பதிவேட்டுல ரங்கநாயகின்னு ஒருத்திப்பா. அவ பிப்பெட்ட ஒடச்சவட்டி, என்று கத்தியவர் தம்மை மீறிச் சிரித்துவிட்டார், அவளும் சிரித்தாள், சிரிப்பு நின்றதும், வாளியில் நீர் சொட்டிக்கொண்டிருக்க, அவள் மெல்லச் சொன்னாள், கெமிஸ்ட்ரில சேந்தா மூணு வருசமும் நான் குழாயப் பாக்க மாட்டேம்ப்பா, உங்க கையத்தான் பாத்துக்கிட்டு நிப்பேன். அப்பா தம் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஈரம் துடைக்கவில்லை, நாளைக்கு அங்க வந்து வாயடச்சு நிக்காத, பேச்சு வரலைன்னா என்னையப் பாரு என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நாற்பத்தொன்று, முத்துப்பேச்சி. மேசை முன் போய் நிற்கிறாள். வேதியியல் விரிவுரையாளர் முதல்வரிடம் குனிந்து, நம்ம சுடலை மக சார், லேபுலயே பொறந்த பிள்ளைலா, என்கிறார், மேசையில் சிரிப்பு, அப்ப என்ன கேள்வி, கெமிஸ்ட்ரின்னு எழுதும்வே, ஒண்ணு இருக்குல்லா, எழுத்தரின் பேனா தாளை நோக்கி இறங்குகிறது, சுண்ணக்கட்டி பிடித்தவர் பலகையருகில் கையை உயர்த்தி நிற்கிறார், அவளுக்குப் பேச்சு வரவில்லை, எல்லாக் கைகளும் அவளுக்காகக் காத்திருக்கின்றன, அவள் ஒரு கையைத் தேடுகிறாள், இதோ எழும், இதோ தேய்க்கும், அது எழுந்தால் அவள் வேதியியல் என்று சொல்லிவிடுவாள், அது அவளுக்கே தெரியும்.

கோப்புகள் மேசையில் இருந்தன. அப்பாவின் கைகளைக் காணவில்லை. பேராசிரியர்கள் முன்னால் எந்நாளும் மார்பில் கைகட்டி நின்றே பழகிய அப்பா, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டு, ஆய்வகத்தில் தேர்வு நடத்த வருபவர் நிற்பதுபோல் நின்றார், தோள்கள் மட்டும் சற்றே அசைந்தன, பின்னால் ஒரு கை மற்றொரு கையை இறுகப் பிடித்திருக்க வேண்டும்.

பார்ப்பதற்குக் கைகள் இல்லாமையால் அவள் முகத்தைப் பார்த்தாள், அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, முதல்வரையும் நேருக்கு நேர் பார்த்தாள்.

எனக்கு வரலாறு வேணும் சார், என்றாள்.